எட்டாம் பக்கம்

எங்கள் அலுவலகத்தில் எனக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் நான்தான். பையில் எப்போதும் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் வைத்திருப்பேன். தாம்பரத்தில் மின்சார வண்டி ஏறியதும் பிரிப்பேன், அடுத்த நிலையமான சானடோரியம் வருவதற்குள் மூடிவிடுவேன். எண்பதுகளின் நடுவில் ஆரம்பித்த ஒரு புத்தகம் தொண்ணூறுகளிலும் ஏறக்குறைய அதே பக்கத்தில்தான் இருந்தது. பார்க்கிறவர்கள் அட்டையைப் பார்ப்பார்களே தவிர, பக்க எண்ணைப் பார்ப்பதில்லை.

அரசுத்துறை நிறுவனம் ஒன்றில் நான் எழுத்தர். அலுவலகம் கடற்கரை நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். காலை வண்டி தாம்பரத்திலேயே புறப்படுவதால் எனக்கு ஜன்னலோரம் கிடைத்துவிடும். பக்கத்தில் கைக்குட்டையைப் போட்டு ஓர் இடம், எதிரில் பையை வைத்து ஓர் இடம் பிடித்துவைப்பேன். கைக்குட்டை இடம் குரோம்பேட்டையில் ஏறும் அஸ்தினாபுரத்துக்காரருக்கு. பை இடம் பல்லாவரத்தில் ஏறும் எங்கள் சங்கச் செயலாளருக்கு.

தலைமை அலுவலகம் எதையும் ஆங்கிலத்தில்தான் அனுப்பும். ஒரு வாக்கியம் முடிய அரைப் பக்கம் ஆகும். நடுவில் நாலு 'ஆனாலும்', மூன்று 'தவிர' வரும். அலுவலக நேரத்தில் அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் வழக்கம் எங்களிடம் இல்லை. புதுச் சுற்றறிக்கை வந்தால் ஒரு பிரதி என் பைக்கு வரும். மறுநாள் காலை வண்டியில் நான் அதை வாசித்துத் தமிழில் சொல்வேன். கிண்டி வருவதற்குள் எங்கள் ஆட்கள் பத்துப் பேராவது சுற்றி நிற்பார்கள். நான் சொன்னதுதான் சுற்றறிக்கை. மூலத்தை வாங்கிப் பார்க்கிற அவநம்பிக்கை யாருக்கும் இருந்ததில்லை. வெறும் விதிமுறையைக் கேட்க யாருக்குப் பொறுமை இருக்கும் என்று நான் கொஞ்சம் வேடிக்கையும் சேர்ப்பேன். வருஷங்கள் போகப்போக வேடிக்கை கூடி விதிமுறை குறைந்துகொண்டே வந்தது. அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

அஸ்தினாபுரத்துக்காரர் ரெக்கார்டு பிரிவில் இருந்தார். பழைய கோப்பு எது கேட்டாலும் தூசி தட்டாமல் எடுத்துவந்து மேஜையில் போடுவார். அந்த ஊரின் பூர்வீகக் குடும்பம். அவருடைய அப்பா காலத்தில் வயல் இருந்தது, பிறகு அது மனைகளாகி, மனைகள் மற்றவர்களின் வீடுகளாகின. இவருக்கு மிஞ்சியது ஓட்டு வீடு ஒன்றும், அரசாங்க உத்தியோகமும். மனைவி, இரண்டு பெண்கள். சைக்கிளைக் குரோம்பேட்டை ஸ்டாண்டில் போட்டுவிட்டு ஓடிவந்து ஏறுவார். என் வேடிக்கைகளுக்கு முதலில் சிரிக்கிறவர் அவர்தான். தொடையில் அடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். அப்படி ஒருவர் பக்கத்தில் இருந்தால் எந்த மனுஷனும் கெட்டுப்போவான்.

தொண்ணூறுகளின் நடுவில் பென்ஷன் திட்டத்தின் சுற்றறிக்கை வந்தது.

அதுவரை எங்களுக்கு வருங்கால வைப்பு நிதி மட்டும்தான். சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடிப்பார்கள், நிறுவனமும் அதே அளவு போடும், ஓய்வு பெறும் நாளில் மொத்தமாகக் கையில் கொடுத்து மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். புதுத் திட்டத்தில் சேருகிறவர் நிறுவனம் போட்ட பங்கை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பதிலாக உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் ஓய்வூதியம். சேர விரும்புகிறவர்கள் நான்கு மாதத்துக்குள் மூன்று பிரதிகளில் விருப்பப் படிவம் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் சும்மா இருப்பவர்கள் பழைய முறையிலேயே இருக்க விரும்பியதாகக் கருதப்படுவார்கள். ஒருமுறை தவறவிட்டால் பிறகு சேர முடியாது. அறிக்கை பத்துப் பக்கம். இந்தமுறை படிவத்தோடு சேர்த்து எல்லாருக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள்.

மறுநாள் வண்டியில் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். எழும்பூரில் இறங்க வேண்டியவர் ஒருவர்கூட, எங்கள் அலுவலகத்தோடு ஒட்டும் உறவும் இல்லாதவர், கடைசிவரை வந்தார். முதல் ஐந்து பக்கங்களை ஒழுங்காகவே சொன்னேன். ஆறாம் பக்கத்தில் ஒரு விதி இருந்தது. வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டால் அதுவரையிலான பணிக்காலம் ஓய்வூதியக் கணக்கில் சேராமல் போகலாம் என்று. சங்கச் செயலாளர் எழுந்தே நின்றுவிட்டார்.

"முப்பது வருஷ சர்வீசு. ஒருநாள் கொடி புடிச்சா பூராவும் காலியா? இதுக்குப் பேரு பென்ஷனா? கழுத்துல கயிறு சார் இது."

"அவசரப்படாதீங்க," என்றேன். "இன்னும் ஒண்ணு இருக்கு. இந்தத் திட்டத்துல நாம உயிரோட இருந்தா ஆபீசுக்கு நஷ்டம், போயிட்டா லாபம். அதனால இனிமே ஒண்ணாந்தேதி ஒண்ணாந்தேதி ஜெனரல் மேனேஜர் கோயிலுக்குப் போவாரு. நம்ம பேரு, நட்சத்திரம், பணியாளர் எண் எல்லாம் சொல்லி அர்ச்சனை பண்ணுவாரு. ஆயுள் குறையணும்னு."

சொன்னதோடு நிற்கவில்லை. ஜெனரல் மேனேஜர் கண்ணை மூடி, பெல்ட்டுக்கு மேல் வயிறு பிதுங்க, அர்ச்சகரிடம் பட்டியல் வாசிப்பதை நடித்தும் காட்டினேன். பெட்டியே அதிர்ந்தது. அஸ்தினாபுரத்துக்காரர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது இடம் பிடிக்க நான் போட்ட என் கைக்குட்டை. வண்டி கோட்டை நிலையத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. நல்ல இடத்தில் நிறுத்தத் தெரிந்தவன்தானே வேடிக்கைக்காரன். அறிக்கையை மடித்துப் பையில் வைத்தேன்.

குடும்ப ஓய்வூதியம் எட்டாம் பக்கத்தில் இருந்தது. உறுப்பினர், பணியில் இருக்கும்போதே இறந்தாலும் சரி, ஓய்வுக்குப் பிறகு இறந்தாலும் சரி, அவருடைய மனைவிக்கோ கணவருக்கோ வாழ்நாள் முழுவதும் மாதாமாதம் ஒரு தொகை. இரண்டே பத்தி. நான் ஆறாம் பக்கத்திலேயே கைதட்டல் வாங்கிவிட்டிருந்தேன்.

அடுத்த சில வாரங்களில் வண்டியில் வேறு பேச்சே இல்லை. சேருவது கோழைத்தனம் என்று ஆகிவிட்டது. சங்கம் அதிகாரபூர்வமாக 'யோசித்து முடிவெடுங்கள்' என்று மட்டும்தான் சொன்னது. ஆனால் யாராவது யோசிப்பதாகச் சொன்னால், "இன்னா மச்சான், அர்ச்சனைக்குப் பேரு குடுத்துட்டியா?" என்று கேட்டுக் கேட்டு ஒருவழி செய்துவிடுவார்கள். என் வேடிக்கை என்னைவிட வேகமாகப் பயணம் செய்தது. மாடியில் கணக்குப் பிரிவில் ஒருவர் அதை எனக்கே சொல்லிக்காட்டினார், இன்னும் நன்றாக.

அஸ்தினாபுரத்துக்காரர் மட்டும் ஒருநாள், சாயங்கால வண்டியில், கூட்டம் இல்லாத சமயமாகப் பார்த்துக் கேட்டார்.

"சார், ஜோக்கெல்லாம் வுடு. நெசமா சொல்லு. நீ இன்னா பண்ணப்போற?"

"நான் சேரல."

"இல்ல, எங்கப்பா நெலத்த வித்தாரு இல்ல, துட்டு மொத்தமாத்தான் வந்துச்சு. மொதல்ல ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினாரு. அப்பால ஊருக்கே விருந்து போட்டாரு. ரெண்டு வருசம். மூணாவது வருசம் அந்த மோட்டார் சைக்கிளையே வித்தாரு. மொத்தமா வர்றது எங்க குடும்பத்துக்கு ஆவாது சார். மாசாமாசம் வந்தா ஒரு மாதிரி கீதேன்னு பாத்தேன்."

"அது உங்கப்பா. நீங்க மோட்டார் சைக்கிளா வாங்கப்போறீங்க?"

"அதுவும் கரெக்டுதான்," என்றார். பிறகு சிரித்தார். "நீ சேரலன்னா நானும் சேரல. படிச்சவன் நீ, உனக்குத் தெரியாததா."

அன்றைக்கு நான் சொன்னது உண்மை. அதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம், இந்த விஷயத்தில் நான் சொன்ன கடைசி உண்மை அதுதான்.

கெடு முடிய இரண்டு நாள் இருந்தது. என் மனைவி உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள், என் பையிலிருந்து சுற்றறிக்கையை எடுத்துச் சிவப்புப் பேனாவோடு படிக்க ஆரம்பித்தாள். முதல் பக்கத்திலிருந்து பத்தாம் பக்கம்வரை. எட்டாம் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கோடு போட்டாள்.

"இதைப் படிச்சீங்களா?"

"மொத்தமா ஒரு பார்வை பார்த்தேன்."

"அப்பா போய்ப் பன்னெண்டு வருஷமாச்சு. அம்மா பொழிச்சலூர்ல தனியா இருக்காங்க. யார்கிட்டயாவது கை நீட்டியிருக்காங்களா? நம்மகிட்ட? எதனாலன்னு ஒருநாளாவது யோசிச்சீங்களா?"

நான் யோசித்ததில்லை. என் மாமனார் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மாமியாருக்கு மாதாமாதம் தபாலிலோ வங்கியிலோ எதுவோ வருகிறது என்பது வரை தெரியும். யாரிடமும் கை நீட்டாதது அவருடைய சுபாவம் என்று நினைத்திருந்தேன், சிலருக்குத் தலைமுடி நரைக்காமல் இருப்பதைப் போல.

வேலைநிறுத்த விதியைப் பற்றிச் சொன்னேன். "அதை என்னிக்காவது எடுத்துருவாங்க. செத்தா செத்ததுதான்," என்றாள். என் நகைச்சுவைகளைவிட அவளுடையவை எப்போதுமே சிறியவை. படிவத்தை அவளே நிரப்பினாள். நான் மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் அதைப் பணியாளர் பிரிவில் கொடுத்தேன். மதிய உணவு நேரம், வாங்கிக்கொண்ட அம்மாளைத் தவிர யாரும் இல்லை. ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அதை யாரும் திறக்க வாய்ப்பில்லாத இடத்தில், அந்தத் தடித்த ஆங்கிலப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

அஸ்தினாபுரத்துக்காரர் அந்த வாரம் விடுப்பில் இருந்தார். படப்பையில் மச்சினர் வீட்டில் காதுகுத்து. ஆனால் கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் திரும்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார். அவர் வீடு எனக்குத் தெரியும். சேலையூரில் இருக்கும் என் வீட்டிலிருந்து செம்பாக்கம் வழியாகப் போனால் சைக்கிளில் அரை மணி நேரம். இரண்டு வரி சொன்னால் போதும்: நான் மாறிவிட்டேன், நீங்களும் நாளைக்குக் கொடுத்துவிடுங்கள்.

நான் போகவில்லை. மழை இல்லை, உடம்பு சரியில்லாமல் இல்லை, சைக்கிளில் காற்று இருந்தது. போனால் அவர் வண்டியில் எல்லாரிடமும் சொல்வார் என்று தோன்றியது. அர்ச்சனைக்கு முதல் பெயர் கொடுத்தவன் நானே என்று ஆகிவிடும். நாலு மாதம் ஓடிய வேடிக்கை அது. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து வானொலி கேட்டேன்.

அடுத்த வருஷம் ஒரு திங்கட்கிழமை, குரோம்பேட்டையில் அவர் ஏறவில்லை. வண்டி கிளம்பிவிட்டது. வயதான ஒருவர் கைக்குட்டையை நகர்த்திவிட்டு உட்காரப் பார்த்தார். ஆள் வருது, ஆள் வருது என்று மீனம்பாக்கம்வரை அவரோடு சண்டை போட்டேன். வண்டி போன பிறகு ஆள் எப்படி வரும் என்று அவர் நியாயமாகவே கேட்டார். அலுவலகத்துக்குப் போன கொஞ்ச நேரத்தில் தொலைபேசி வந்தது. சைக்கிளுக்கு டோக்கன் வாங்கிக்கொண்டிருக்கும்போதே ஸ்டாண்டில் சரிந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ பிடித்தார்கள், தேவைப்படவில்லை.

காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவர் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். அதற்கு முன் நான் அவரை ஒருமுறைதான் பார்த்திருந்தேன், பெரிய பெண்ணின் கல்யாணத்தில். வைப்பு நிதியிலிருந்து அந்தக் கல்யாணத்துக்கு எடுத்ததுபோக மீதியை வாங்குவதற்கான படிவங்கள் அவர் கையில் இருந்தன. பணியாளர் பிரிவு அதிகாரியிடம் அவர் கேட்டது வேறு. அவர்கள் தெருவில் ஓர் அம்மாவுக்குக் கணவர் போன பிறகு மாதாமாதம் பணம் வருகிறது, தனக்கும் அப்படி வருமா?

"உங்க வீட்டுக்காரர் ஆப்ஷன் கொடுக்கலையேம்மா. அவர் மெம்பரே இல்லை," என்றார் அதிகாரி. பிறகு என்னைக் காட்டி, "இவர்தான் அவரோட சிநேகிதர், விவரமா சொல்லுவார்," என்று தன் கோப்புக்குத் திரும்பிவிட்டார்.

விவரமாகச் சொன்னேன். திட்டம் விருப்பத்தின் பேரில் என்றும், கெடு இருந்தது என்றும், கொடுக்காதவர்கள் சேர விரும்பாதவர்களாகக் கருதப்படுவார்கள் என்றும். நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

"தெரியும் சார். அந்தப் பேப்பர் வூட்லதான் கீது. பரண்ல வச்சிருந்தாரு. அவரு போனப்புறம் எடுத்துப் படிச்சேன்."

"நீங்களா?"

"நான் எஸ்.எஸ்.எல்.சி. சார். இங்கிலீசு மெள்ள மெள்ள வரும். நாலு நாள் ஆச்சு. எட்டாம் பக்கத்துல தெளிவா போட்டிருக்கு. சர்வீஸ்ல இருக்கும்போதே போனாலும் சம்சாரத்துக்கு உண்டுன்னு. எனக்கே புரியுதே. உங்களுக்கு எப்டி சார் புரியாம போச்சு?"

குற்றம் சாட்டுகிற குரலாக இருந்தால் சமாளித்திருப்பேன். உண்மையிலேயே விளங்காமல் கேட்டார்.

"அவரு வூட்டுக்கு வந்து நடிச்சிக் காட்டுவாரு. நீங்க வண்டியில பண்ணது. மேனேஜரு கோயிலுக்குப் போறது, ஆயுசு குறைய வேண்டிக்கிறது. நானும் பொண்ணுங்களும் அப்டி சிரிச்சோம். திருப்பிப் பண்ணுப்பான்னு சின்னது கேக்கும்."

இருபது வருஷமாக ஆங்கிலம் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிவைத்திருந்தவனுக்கு அன்று அதைக் கைவிட ஒரு நல்ல காரணம் கிடைத்தது.

"எனக்கும் சரியாப் புரியலம்மா," என்றேன். "ரொம்பச் சிக்கலான இங்கிலீஷ்."

அவர் தலையாட்டினார். என்மேல் கொஞ்சம் பரிதாபம்கூடப் பட்டதாகத் தோன்றியது. படிவத்தில் ஒரு சான்றொப்பம் தேவைப்பட்டது. அதை வாங்க மாடிக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி தேநீர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

திரும்பி வந்தபோது அவர் தாழ்வாரத்தில் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்றிருந்தார். பென்ஷன் திட்ட உறுப்பினர் பட்டியல் பல மாதங்களாக அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை. அந்தப் பலகையில் உள்ளதை நான் வண்டியில் சொல்வேன் என்ற நம்பிக்கைதான். சொல்லாத ஒரே தாள் அது. அவர் விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டே கீழே வந்துகொண்டிருந்தார். ஒருவேளை, யாரோ தவறாகச் சொல்லியிருக்கலாம், தன் கணவர் பெயர் எங்காவது இருக்கலாம் என்று தேடியிருப்பார். விரல் ஓரிடத்தில் நின்றது. அது எந்த இடம் என்று எனக்குத் தூரத்திலிருந்தே தெரியும். இரண்டாம் தாள், மேலிருந்து ஆறாவது வரி, என் பெயருக்கு எதிரே உறுப்பினர் எண்.

நான் பக்கத்தில் வந்ததும் படிவத்தை வாங்கிப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார்.

"உங்களுக்குப் புரிஞ்சிருக்கு சார்," என்றார். அவ்வளவுதான். படி இறங்கிப் போனார்.

அதன் பிறகு வண்டியில் யாராவது சுற்றறிக்கையை நீட்டினால், கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிவிடுவேன். கண்ணாடி மூக்கில்தான் இருக்கும். அவர்களும் வற்புறுத்துவதில்லை. கைக்குட்டை போடுவதையும் விட்டுவிட்டேன்.

போன வருஷம், அந்த வேலைநிறுத்த விதியை எடுத்துவிட்டார்கள். என் மனைவி சொன்னபடியே. உடனே, சேராமல் போனவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு வேண்டும் என்று சங்கம் மனு தயாரிக்க முடிவு செய்தது. செயலாளர் என்னிடம் வந்தார். "நல்ல இங்கிலீஷ்ல எழுதணும் சார், நீதான் எழுதணும்." எழுதினேன். பணியில் இறந்தவர்களின் குடும்பங்களையும் சேர்க்க வேண்டும் என்று ஒரு பத்தி வைத்தேன். செயலாளர் படித்துவிட்டு, "இன்னா சார், ஒரு நக்கலுகூட இல்ல," என்றார்.

இறந்தவர்களின் மனைவிமாரும் கையெழுத்திட்டால் நல்லது என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிளை எடுத்தேன். சேலையூர், செம்பாக்கம், அஸ்தினாபுரம். அரை மணி நேரம்தான் ஆனது.

ஓட்டு வீட்டின் பாதியை வாடகைக்கு விட்டிருந்தார்கள். மீதியில் ஜன்னலோரம் ஒரு தையல் மெஷின், மேலே வெட்டிப்போட்ட பாவாடைத் துணி. சின்னப் பெண் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தம்மா உட்காரச் சொல்லவில்லை. மனுவை வாங்கி, வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் திரும்பி நின்று, முதல் வரியிலிருந்து படித்தார். உதடு மெதுவாக அசைந்தது. மூன்று பக்கம். நான் செருப்போடு வாசலிலேயே நின்றேன். கணவர் பணியில் சேர்ந்த வருஷத்தை நான் தவறாகப் போட்டிருந்தேன். அதை அடித்துச் சரியாக எழுதினார். பிறகு கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"இது கெடைக்குமா சார்?"

"தெரியலம்மா. குடும்பங்களுக்குக் கொடுப்பாங்கன்னு நம்பிக்கை இல்ல."

பதில் கடிதம் வந்தால் நானே கொண்டுவந்து விளக்கிச் சொல்வதாகச் சொன்னேன். பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"விளக்கமெல்லாம் வேணாம் சார். ஒரு காப்பி குடுத்தனுப்புங்க. நானே படிச்சிக்கிறேன்."